மதம் அரசாங்கம் ஆனால் முதல் அடி யாருக்கு? ஓரியூரிலிருந்து காத்தான்குடி வரை

சேதுக்கரை வாத்தியார்:

கிறிஸ்தவ நாடுகள் மதவெறியைத் தாண்டி வந்துவிட்டன, இஸ்லாமிய நாடுகளால் அது முடியவே முடியாது என்று ஒரு பேச்சு இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு எதிர்ப்பேச்சாக, எல்லாம் வெளிநாட்டுச் சதி, நம் ஆட்களிடம் ஒரு குறையும் கிடையாது என்று இன்னொன்று. இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஒரு மதம் அரசாங்கத்தின் கைக்குப் போனால் முதல் அடி அதே மதத்துக்காரனுக்குத்தான் விழும். கொஞ்சம் வேறு மாதிரி கும்பிடுகிறவன், வேறு மாதிரி ஓதுகிறவன், அவன்தான் முதலில் மாட்டுவான்.

கி.பி. 380இல் தியோடோசியஸ் பேரரசர் ஒரு குறிப்பிட்ட வகைக் கிறிஸ்தவத்தை ரோமின் அரசு மதமாக ஆக்கினார். 385 வாக்கில் பிரிசில்லியன் என்ற ஸ்பெயின் நாட்டு ஆயரை மாயவித்தைக் குற்றம் சாட்டித் தலையை வெட்டினார்கள். அவரும் கிறிஸ்தவர், வெட்டச் சொன்ன அரசர் மாக்சிமஸும் கிறிஸ்தவர். அதுவரை கிறிஸ்தவர்களைக் கொன்றது பெரும்பாலும் வேற்று மத ரோமர்கள். அரசு மதமாகி ஐந்தாறு வருஷத்துக்குள் இந்த நிலை. உயிரை எடுக்காதீர்கள் என்று போய் மன்றாடியவர் புனித மார்ட்டின், அவரும் ஆயர்தான்.

இஸ்லாத்தில் 833ஐப் பாருங்கள். கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒரு கொள்கையை அரசாணை போல ஆக்கி, காஜிகளையும் (நீதிபதிகள்) ஆலிம்களையும் (மார்க்க அறிஞர்கள்) கூப்பிட்டு ஒவ்வொருவராக விசாரித்தார். மிஹ்னா என்பார்கள். ஒத்துக்கொள்ளாத இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையில் கிடந்தார், அடுத்த கலீஃபா காலத்தில் சவுக்கடி வாங்கினார். அடித்தவரும் முஸ்லிம், பட்டவரும் முஸ்லிம்.

ஏன் இப்படி என்றால், வேற்று மதத்தவனுக்கு ஒரு மூலையை ஒதுக்கி, வரி போட்டு, இரண்டாம் தரமாக உட்கார வைத்துவிடலாம். அது அநியாயம், ஆனாலும் அரசனுக்கு அதனால் பயம் இல்லை. நான் கடவுள் பேரால் ஆள்கிறேன் என்று அரசன் சொல்லும்போது, அதே கடவுள் பேரால் இல்லை என்று சொல்ல ஒருவன் இருக்கிறானே, அவன்தான் அரியணைக்கு ஆபத்து.

நம் ஊர்க் கதையையும் வைத்துவிடுகிறேன். ஓரியூருக்குப் போனவர்களுக்குத் தெரியும், அந்தச் செம்மண்ணைச் சின்னப் பொட்டலமாக மடித்து முந்தானையில் முடிந்து கொண்டுபோவார்கள், பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள், எந்த மதமானாலும். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் வெட்டப்பட்ட இடம். மேலோட்டமாகப் பார்த்தால் இந்து அரசர் கிறிஸ்தவச் சாமியாரைக் கொன்றார் என்று தோன்றும். உள்ளே போனால், தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்குகிறார், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி இராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண், அதோடு தடியத்தேவருக்கே அரியணையில் பாத்தியதை உண்டு. அதே சேதுபதியின் அரண்மனையில் கீழக்கரை சீதக்காதி மரைக்காயர் நெருங்கிய ஆள் என்றுதான் இந்தச் சீமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மரைக்காயர் அரண்மனைக்கு வேண்டியவர், பாதிரியார் வெட்டுப்பாறைக்கு. இதில் மதம் எவ்வளவு, நாற்காலி எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டல்காற்று:

சார், நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 385, 833 என்று பழைய கணக்கை எடுத்தால் எல்லார் கையிலும் ரத்தம் இருக்கும். நான் கேட்பது இன்றைக்கு. ஐஎஸ், போகோ ஹராம், அல் ஷபாப், தாலிபான். இதற்கு ஈடாகக் கிறிஸ்தவப் பக்கம் ஒன்றைச் சொல்லுங்கள். ஈராக்கில் சிறுபான்மையான யாசிதிப் பெண்களை 2014இல் சந்தையில் விற்றார்களே, அவர்கள் என்ன அதே மதமா? முதல் அடி சொந்த மதத்துக்காரனுக்கு என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும். வாத்தியார் சாருக்கும் தம்பி கொண்டலுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

தம்பி, யாசிதிகளுக்கு நடந்தது இனப்படுகொலை, அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இந்த நாலு கூட்டமும் எங்கள் மார்க்கத்தின் பேரைச் சொல்லித்தான் கொல்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். நாங்களே அதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஆனால் நீ சொன்ன நாலு பேரையும் எடுத்துக்கொண்டு, செத்தவர்களில் பெரும்பகுதி யார் என்று பார். மோசூலில், காபூலில், மொகதிசுவில், போர்னோவில் குண்டு வெடித்த சந்தையிலும் பள்ளிவாசலிலும் இருந்தவர்கள் யார்?

நான் சவூதியில் வேலை பார்த்தவன். அப்போதெல்லாம் தொழுகைக்கு பாங்கு சொன்னதும் கடையின் ஷட்டரை இறக்கியாக வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் உள்ளே நிற்பார், விளக்கை அணைத்துவிட்டு அப்படியே உட்காருவோம். முதவ்வா என்கிற மத போலீஸ் ஆட்கள் ஜீப்பில் வந்து ஷட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். தொழுகிறவன் தொழ வேண்டும் என்றால் அது அவனுக்கும் ரப்புக்கும் (இறைவனுக்கும்) இடையில், இதில் ஜீப்புக்கு என்ன வேலை என்று எனக்கு அப்போதே உறுத்தும். என்னோடு அறையில் இருந்தவர் மணப்பாட்டுப் பக்கத்துக் கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை காலையில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டு, அவர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் மெதுவான குரலில் செபம் சொல்வார்கள், நான் வெளியே வாசல்படியில் உட்கார்ந்து யாரும் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து அறை நாகூர்க்காரருக்கும் அதே பயம்தான், அவர் நபி புகழ் பாடும் மௌலிது ஓதுகிறவர். இரண்டு பேருக்கும் ஒரே ஜீப்பிடம் பயம். வாத்தியார் சொன்னது எனக்குப் புத்தகத்தில் தெரிந்த விஷயம் இல்லை.

அந்த ஜீப் எங்கிருந்து வந்தது? 1744இல் இப்னு சவூதும் இப்னு அப்துல் வஹ்ஹாபும் செய்துகொண்ட உடன்பாட்டில் ஆரம்பம். ஆள்வது இவர், மார்க்கம் சொல்வது அவர். பிறகு 1979 நவம்பரில் ஜுஹைமான் என்பவன் ஆயுதத்தோடு மக்காவின் பெரிய பள்ளிவாசல் ஹரம் ஷரீஃபையே பிடித்துக்கொண்டான், இரண்டு வாரம் சண்டை. அவன் சொன்னது, அரச குடும்பம் மார்க்கத்தை விட்டுவிட்டது என்று. அவனை அடக்கிய அரசாங்கம், அப்புறம் என்ன செய்தது தெரியுமா? அவன் கேட்டதையே பாதி கொடுத்தது. சினிமா கிடையாது, மத போலீசுக்கு இன்னும் அதிகாரம், எண்ணெய்க் காசில் உலகம் பூராவும் ஒரே வகைக் கிதாபு. அதே வருஷம் ஈரானில் கொமேனி, அதே வருஷம் டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை, அதை எதிர்க்க அமெரிக்கக் காசும் சவூதிக் காசும் பாகிஸ்தான் வழியாக. எங்கள் தலைமுறை முழுக்க அந்த ஒரு வருஷத்துக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறது. 2016இல் அந்த மத போலீசின் கைது அதிகாரத்தைப் பிடுங்கினார்கள், 2018இல் பெண்கள் கார் ஓட்டலாம் என்றார்கள். அரசர் வீட்டில் நினைத்ததும் மார்க்கம் மாறிவிட்டதா? மார்க்கம் அங்கேதான் இருந்தது, மாறியது ஆட்சியின் வசதி.

இதில் நம் கரைக்கு வந்து சேர்ந்த பங்கும் உண்டு. என் உம்மா ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சை வைத்து, சந்தனக்கூடு பார்த்து வளர்த்த பிள்ளைகள் நாங்கள். வளைகுடா போய்வந்த என் தம்பி ஒரு நாள் உம்மாவிடமே அது ஷிர்க், இறைவனுக்கு இணைவைப்பது என்றான். உம்மா பதில் பேசவில்லை, அந்த வருஷமும் போனாள். தம்பி நினைப்பது அவன் உரிமை, நானே சில விஷயத்தில் அவன் பக்கம். வாய்ப்பேச்சோடு நிற்கும்வரை இது வீட்டுச் சண்டை. இந்தப் பேச்சின் பின்னால் ஒரு அரசாங்கமோ துப்பாக்கியோ வந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு, 2017இல் பாகிஸ்தானின் சிந்துவில் செஹ்வான் தர்காவில் குண்டு வைத்ததைப் பார்க்கலாம்.

ஏர்வாடி என்றதும் சிலர் 2001ஐச் சொல்வார்கள். ஆகஸ்ட் 6, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். அங்கேதான் அரசாங்கத்துக்கு வேலை இருந்தது. சங்கிலியை அறுக்க வேண்டியது அதன் கடமை, அதை முன்னாலேயே செய்யவில்லை. தர்காவில் கும்பிடுவது சரியா தப்பா என்று சொல்வது அதன் கடமை இல்லை.

மன்னார்த்தீவு:

வணக்கம். நான் கடலுக்கு அந்தப் பக்கம். இடையில் ஒரு விஷயம் சொல்லலாம் என்று வந்தேன், வாத்தியார் ஐயா சொன்ன கணக்குக்கு எங்கட தீவே சாட்சி.

1544இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி மன்னாரில் புதிதாக ஞானஸ்நானம் எடுத்த 600 பேர் வரைக்கும் வெட்டுவித்தான். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் கோயில் இருக்கிறது. சமயம் மாறினால் போர்த்துக்கேயன்ர ஆளாகிவிடுவான் என்ற பயம் அரசனுக்கு. அந்தப் பயம் ஆதாரமில்லாததும் இல்லை, உங்கட கரையில் 1530களில் பரதவர் மதம் மாறியதில் போர்த்துக்கேயப் படைப் பாதுகாப்பும் சேர்ந்தே வந்தது. ஆனால் வெட்டுப்பட்டது அரசியல் தெரியாத சனம்.

இனி 1658. ஒல்லாந்தர் வந்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள். வந்த உடனே கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், குருவை ஒளித்து வைத்தால் தண்டனை என்று சட்டம் போட்டார்கள். மாந்தையில் இருந்த மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் காட்டுக்குள் ஓடினது, அதுதான் இப்போது இருக்கிற மடு. ஒவ்வொரு வருஷமும் சாதி சமயம் பாராமல் லட்சக்கணக்கில் வந்து கும்பிடுகிற அந்த இடம், ஒரு கிறிஸ்தவ அரசாங்கத்துக்குப் பயந்து கிறிஸ்தவர்கள் ஒளிந்த இடம். கோவாவில் இருந்து 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரன் வேசத்தில் யாழ்ப்பாணத்துக்குள் புகுந்து வீடு வீடாக இரவில் பூசை வைத்தார். அவருக்குக் கடைசியில் அடைக்கலம் கொடுத்தது யார்? கண்டியின் பௌத்த அரசன். முதலில் ஒற்றன் என்று சிறையில் போட்டவன்தான், பிறகு அவனே பாதுகாப்புக் கொடுத்தான்.

2019 உயிர்த்த ஞாயிறு பற்றி நான் கதைக்காமல் விட ஏலாது. ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பு ஹோட்டல்கள், எல்லா இடத்திலும் குண்டு. 250க்கும் மேல் செத்தார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் சஹ்ரான், கிழக்கிலங்கையின் காத்தான்குடிக்காரன். அவன் முதலில் யாரை அடித்தான்? 2017 மார்ச்சில், அதே காத்தான்குடியில், சூஃபி வழியில் போகிற முஸ்லிம்களை. அவன்ர ஊர் முஸ்லிம்களே அவனைப் பற்றி முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். குண்டு வெடிக்க முதல் இந்தியாவில் இருந்து எச்சரிக்கையும் வந்தது. ஆட்சியில் இருந்தவர்கள் தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டு அதைக் கவனிக்கவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் (உங்கட உச்ச நீதிமன்றம் மாதிரி) முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்த்தது. குண்டு வைத்தது ஒரு சின்னக் கூட்டம், ஆனால் அதற்குப் பிறகு உடைபட்ட முஸ்லிம் கடைகள் எத்தனை, அந்தக் கடைக்காரரில் எவருக்குச் சஹ்ரானைத் தெரியும்?

கொண்டல்காற்று:

மன்னார் அண்ணன் சொன்னது மனதைப் பிசைகிறது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. கிறிஸ்தவத்தில் வேதத்திலேயே 'சீசருக்கு உரியதை சீசருக்கு' என்று இருக்கிறது. அதனால்தான் ஐரோப்பாவால் ஆட்சியையும் மதத்தையும் பிரிக்க முடிந்தது. இஸ்லாத்தில் நபியே ஆட்சி செய்தவர், சட்டமும் மார்க்கமும் ஒன்று. அடிப்படையே வேறு என்றால் முடிவும் வேறாகத்தானே இருக்கும்? காக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கீழக்கரை காக்கா:

கோபம் எதற்கு தம்பி, கேட்காமல் மனதில் வைத்திருந்தால்தான் கோபம் வரும். ஒன்றே ஒன்று. நம் ராவுத்தர்மார் பின்பற்றுகிற இமாம் அபூ ஹனீஃபா, கலீஃபா மன்சூர் காஜி பதவி தந்தபோது வேண்டாம் என்று மறுத்துச் சிறைக்குப் போனவர். அரசாங்கத்தோடு ஒட்டாமல் நிற்பதும் எங்கள் பாரம்பரியம்தான். மற்றதை வாத்தியார் சொல்லட்டும்.

சேதுக்கரை வாத்தியார்:

தம்பி கொண்டல், அந்த வசனம் வேதத்தில் முதல் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அப்படியிருந்தும் ஸ்பெயினில் 1478இல் தொடங்கிய மத விசாரணை மன்றம் 1834 வரை நடந்தது, நம் கோவாவில் 1560இல் வைத்தது 1812 வரை. சீர்திருத்தம் செய்தவர்களாவது விட்டார்களா என்றால், கால்வினின் ஜெனீவாவில் 1553இல் செர்வெட்டஸை உயிரோடு எரித்தார்கள், மூவொரு கடவுள் கொள்கையை மறுத்தார் என்பதற்காக. 1572இல் பாரிசில் புனித பர்த்தலமேயு நாள் படுகொலை. பிறகு 1618இலிருந்து முப்பது வருஷப் போர், ஜெர்மன் நாடுகளில் பல பகுதிகளில் ஊரே இல்லாமல் போனது. 1598இல் பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றி நாந்து ஆணை மூலம் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார், 1685இல் அவர் பேரன் பதினான்காம் லூயி அதைக் கிழித்துப்போட்டார். லட்சக்கணக்கில் நாட்டை விட்டு ஓடினார்கள். அந்த லூயியும் அதே வேதம்தான் படித்தார்.

வசனம் பிரிக்கவில்லை. செத்துச் செத்துக் களைத்துப்போய், இனி ஒருவரை ஒருவர் முடிக்க முடியாது என்று தெரிந்த பிறகு பிரித்தார்கள். ஆட்சியையும் திருச்சபையையும் பிரிக்க வேண்டும் என்ற கருத்தே தவறு என்று 1864இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் பட்டியல் போட்டு அறிவித்தார். யாரையும் மத விஷயத்தில் வற்புறுத்தக் கூடாது என்று வத்திக்கான் சங்கம் ஏடெடுத்து எழுதியது 1965 டிசம்பரில். நான் பிறந்த பிறகு நடந்த சங்கதி தம்பி அது. இங்கிலாந்தில் இன்றைக்கும் அரசர்தான் திருச்சபைக்குத் தலைவர், 26 ஆயர்கள் பிரபுக்கள் சபையில் உட்காருகிறார்கள், ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டு யாரையும் சிறையில் போட முடியாது. காகிதத்தில் பிரிந்திருக்கிறதா என்பதைவிட, கையில் தடி இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

இன்றைக்கு என்று கேட்டீர்கள். உகாண்டாவில் ஜோசப் கோனியின் படை பத்துக் கட்டளை ஆட்சி கொண்டுவருவதாகச் சொல்லிப் பிள்ளைகளைக் கடத்தியது, அந்தப் பிள்ளைகளும் பெரும்பாலும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் 2013இலிருந்து கிறிஸ்தவக் குழுக்கள் முஸ்லிம்களை ஊர் ஊராக விரட்டின. பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995இல் செர்பியப் படை சுமார் 8000 முஸ்லிம் ஆண்களைக் கொன்றது. எண்ணிக்கையில் ஜிகாதிக் கூட்டங்கள் இன்று அதிகம் கொல்கின்றன, இதை மறுக்கவில்லை. அதற்கு அடிப்படை வேதம் என்கிற வாதத்தைத்தான் மறுக்கிறேன்.

பாகிஸ்தான் இன்னும் தெளிவான பாடம். 1947 ஆகஸ்ட் 11 அன்று ஜின்னா, நீ எந்த மதம் என்பதில் அரசுக்கு வேலை இல்லை என்ற பொருளில்தான் பேசினார். முதல் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான், அஹமதியா பிரிவு. 1953இல் லாகூரில் அஹமதியாக்களுக்கு எதிராகக் கலவரம். 1974இல் ஓட்டு வாங்கி வந்த அரசாங்கமே, அதுவும் தாடி வைக்காத பூட்டோ அரசாங்கம், அவர்கள் முஸ்லிம்களே இல்லை என்று அரசியல் சட்டத்தைத் திருத்தியது. யார் முஸ்லிம் என்று பாராளுமன்றம் கை தூக்கி முடிவு செய்தது! 1979இல் நோபல் பரிசு வாங்கிய அப்துஸ் சலாம் இறந்து புதைத்த இடத்தில், கல்லறைக் கல்லில் இருந்த 'முஸ்லிம்' என்ற ஒரு சொல்லை மட்டும் பூசி மறைத்திருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தால் நடுவில் ஒரு வெற்றிடம். அடுத்து ஜியா வந்தார், 1986இல் 295-சி என்ற நபி நிந்தனைச் சட்டப் பிரிவு வந்தது. 2011 ஜனவரியில், அந்தச் சட்டத்தில் மாட்டிய கிறிஸ்தவப் பெண் ஆசியா பீவிக்காகப் பேசிய பஞ்சாப் கவர்னர் சல்மான் தசீரை அவருடைய காவலரே சுட்டார். சுட்டவன் மேல் வழக்கறிஞர்கள் ரோஜாப்பூ தூவினார்கள். இரண்டு மாதத்தில் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். அரசாங்கம் ஒரு முறை கதவைத் திறந்துவிட்டால் பிறகு அந்த அரசாங்கத்தின் கவர்னருக்கே பாதுகாப்பு இல்லை.

தங்கச்சிமடம் மகள்:

இவ்வளவு நேரம் படித்தேன். அரசர், இமாம், ஆயர், ஜெனரல். வாத்தியார் சொன்ன விதியில் ஒரு திருத்தம் வேண்டும். அதே மதத்தின் மாற்றுப் பிரிவுக்காரனுக்கு முன்னாலேயே அடி வாங்குவது அந்த மதத்துப் பெண். பிரிவு கூட மாற வேண்டியதில்லை, பெண்ணாக இருந்தால் போதும்.

ஈரானில் 1979 பிப்ரவரியில் புரட்சி ஜெயித்தது, மார்ச் 8 அன்றே பெண்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது, முக்காடு கட்டாயம் என்ற பேச்சு வந்ததால். ஷாவை எதிர்த்து ஊர்வலம் போனபோது விரும்பி முக்காடு போட்டுப் போன பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். விரும்பிப் போடுவது வேறு, போலீஸ் சொல்லிப் போடுவது வேறு. 2022 செப்டம்பரில், முக்காடு சரியில்லை என்று போலீஸ் பிடித்துப்போன பிறகு இறந்தவர் மஹ்சா அமினி, 22 வயது.

அப்படியே அயர்லாந்துக்குப் போங்கள், நான் கத்தோலிக்கப் பெண்தான், அதனால் இதை நானே சொல்கிறேன். 2012 அக்டோபரில் சவிதா ஹலப்பனவர், நம் கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர். கரு பிழைக்காது என்று தெரிந்த பிறகும், இதயத் துடிப்பு இருக்கும்வரை கலைக்க முடியாது என்று சட்டம். ரத்தத்தில் கிருமி ஏறி இறந்துபோனார். இது கத்தோலிக்க நாடு என்று ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னதாக விசாரணையில் பதிவானது. அவர் இந்துப் பெண், அந்த நாட்டில் அந்தச் சட்டத்தால் தவித்த மற்றவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் வாங்கிய பெண்கள். 2018 மே மாதம் 66 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு, கருக்கலைப்பைத் தடுத்த அந்த அரசியல் சட்டப் பிரிவைத் தூக்கினார்கள். ஓட்டுப் போட்டவர்களில் ஞாயிற்றுப் பூசைக்குப் போகிறவர்களும் உண்டு. விசுவாசம் இருந்துகொண்டே, போலீஸை விலகச் சொல்ல முடியும் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கொண்டல்காற்று:

அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. சரி வாத்தியாரே, கடைசியாக ஒன்று. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்து, மதத்தை ஆட்சிக்கு வெளியே நிறுத்தி, அது நிலைத்தும் இருக்கிற ஒரு நாடு. துருக்கியைச் சொல்லாதீர்கள், ஹாகியா சோபியா 2020இல் திரும்பப் பள்ளிவாசலாகிவிட்டது.

சேதுக்கரை வாத்தியார்:

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முஸ்லிம்கள். 1960இல் விடுதலை பெற்றதும் முதல் ஜனாதிபதி செங்கோர், ஒரு கத்தோலிக்கர். இருபது வருஷம் ஆண்டார், பிறகு யாரும் தள்ளாமலே பதவியை விட்டு இறங்கினார். அடுத்து வந்த அப்து தியூஃப் முஸ்லிம், அவர் மனைவி கத்தோலிக்கர். அரசியல் சட்டம் மதச் சார்பற்றது. அங்கே தரீக்காக்கள் எனப்படும் சூஃபி குருமரபுகள் ரொம்ப பலம், தலைவர்கள் ஷேக்குகள் வீட்டு வாசலில் போய் நிற்கத்தான் செய்கிறார்கள், ஆனால் ஒரே ஒரு தரீக்கா கையில் தடியைக் கொடுத்துவிடவில்லை.

இந்தோனேசியாவையும் சேர்க்கலாம், ஆனால் முழு மனதோடு சேர்க்க முடியவில்லை. 1945 ஆகஸ்ட் 18 அன்று, முஸ்லிம்கள் ஷரீயத்தைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள் என்ற வாசகத்தை முகவுரையிலிருந்து எடுத்தார்கள், கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் பிரிந்துவிடக் கூடாது என்று முஸ்லிம் தலைவர்களே ஒத்துக்கொண்டு எடுத்தது. பெரிய மனசு அது. ஆனால் 2017இல் ஜகார்த்தாவின் கிறிஸ்தவ கவர்னர் அஹோக்குக்கு மத நிந்தனை என்று இரண்டு வருஷச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள், ஆச்சேயில் பிரம்படி நடக்கிறது.

துருக்கியை நானும் உதாரணமாகச் சொல்ல மாட்டேன், காரணம் வேறு. அங்கே அதாதுர்க் காலத்திலேயே, 1924இல், இமாம்களுக்குச் சம்பளம் கொடுத்து மதத்தை அரசு இலாகா ஆக்கிவிட்டார்கள். மதத்தை அடக்கக் கட்டிய இலாகா அப்படியே இருந்தது, ஆள் மாறியதும் அதே இலாகா வேறு பக்கம் திரும்பியது. அல்பேனியாவில் 1967இல் எல்லா மதத்தையும் தடை செய்து பள்ளிவாசலையும் கோவிலையும் பூட்டினார்கள், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரைச் சுட்டார்கள். மதம் இல்லை என்பதே அரசாங்க மதமாகிவிட்டால் அதுவும் இதே வெறிதான்.

கரைவலை:

நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. எங்கள் ஊர் பேரைச் சொல்லவில்லை, இந்தக் கரையில் ஒரு கத்தோலிக்க மீனவ ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தான், அயர்லாந்து எல்லாம் சரி. எங்கள் ஊரில் ஒரு குடும்பம் பெந்தெகொஸ்தே ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தது. ஊர்க் கமிட்டி கூடி ஊர் விலக்கு வைத்துவிட்டார்கள். அவர்கள் மீனை ஏலத்தில் எடுக்கக் கூடாது, கடைக்காரர் சாமான் கொடுக்கக் கூடாது, பேசினால் பேசியவருக்கு அபராதம். அந்த வீட்டுக் கிழவி பகலெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும், தெருவில் போகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள், அதில் பாதிப் பேர் அந்தக் கிழவி பிரசவம் பார்த்துப் பிறந்தவர்கள். அந்தக் குடும்பம் இயேசுவை விட்டுவிட்டா போனது? அதே இயேசு, வேறு பாட்டு. வாத்தியார் சொன்ன முதல் அடி இதுதானே. மதுரைக்கோ சென்னைக்கோ அரசாங்கம் என்றால் கலெக்டர் ஆபீஸ். எங்களுக்கு அரசாங்கம் என்றால் கமிட்டி. மீன் ஏலத்தில் பங்கு எடுப்பது அதுதான், தீர்ப்புச் சொல்வது அதுதான், கோவில் திருவிழா நடத்துவதும் அதுதான்.

கீழக்கரை காக்கா:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்திலும் ஜமாஅத் நோட்டில் பெயரை அடித்துவிடுவார்கள், நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு) தர மாட்டோம் என்பார்கள், கபர்ஸ்தானில் இடம் இல்லை என்ற பேச்சு வரைக்கும் போன ஊர்கள் உண்டு. தர்கா ஜமாஅத், தர்கா கூடாது என்கிற தவ்ஹீதுக்காரரை, சில ஊரில் தவ்ஹீது பலமானால் மற்றவரை. கூட்டம் மாறும், தண்டனை மாறாது. சட்டப்படி ஊர் விலக்கு செல்லாது, கலெக்டரிடமோ ஆர்டிஓவிடமோ மனு கொடுத்தால் சமாதானக் கூட்டம் போடுவார்கள்.

தங்கச்சிமடம் மகள்:

மனு மட்டும் போதாது, கூட்டம் முடிந்து தாசில்தார் ஜீப் கிளம்பினதும் திரும்ப ஆரம்பித்துவிடும். பங்குச் சாமியார் என்ன சொல்கிறார்? அவர் பீடத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் பாதி அடங்குமே.

கொண்டல்காற்று:

அண்ணே, ஏலம் யார் கையில் என்பதுதான் விஷயம் போலத் தெரிகிறது. அந்தப் பணத்தில் ஊருக்கு எவ்வளவு, கோவிலுக்கு எவ்வளவு என்று தனித்தனிக் கணக்கு உண்டா?

கரைவலை:

கிடையாது தம்பி, எல்லாம் ஒரே நோட்டு. அங்கேதான் பிடி இருக்கிறது. டீசல் கடன், வலை அறுந்தால் உதவி, இலங்கை நேவி படகைப் பிடித்தால் வக்கீல் செலவு, கடலில் போனவர் வீட்டுக்கு மாதப்படி, இதெல்லாம் வருகிற அதே நோட்டிலிருந்துதான் கொடியேற்றமும் பட்டாசும். அதனால் கோவிலுக்கு வராதவனுக்கு டீசல் கடனும் கிடையாது என்று சொல்ல முடிகிறது. நாங்கள் சில பேர் சேர்ந்து கேட்கப்போவது இதுதான்: நோட்டை இரண்டாக்குங்கள். தொழில் நோட்டில் படகு வைத்திருக்கிற எல்லா வீடும், ஞானஸ்நானச் சீட்டு கேட்கக் கூடாது. கோவில் நோட்டில் விருப்பமுள்ளவர்கள். அக்கா கேட்டதற்குப் பதில், பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டோம், அவருக்குச் சம்மதம், ஆனால் கமிட்டியில் தனக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை என்கிறார். தலைவர் முரண்டு பிடிக்கிறார், செயலாளர் இன்னும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கூட்டம் வைத்திருக்கிறார்கள். வாத்தியார் சார், ஊர் விலக்கு செல்லாது என்று சொல்லும் தீர்ப்பு நகல் ஏதாவது உங்களிடம் இருந்தால் சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள், படித்துக் காட்ட வேண்டும்.